தானா ஷாவின் கடைசிச் சாப்பாடும் ஆம்பூர் பிரியாணியும்

ஊரிலிருந்து யார் வந்தாலும், கொண்டாப்பூர் வீட்டில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் லிஸ்ட் ரெடியாக இருக்கும். சார்மினார், பிரியாணி, முத்துமாலை, ராமோஜி ஃபிலிம் சிட்டி. 'நேரம் இருந்தா' கோல்கொண்டா. கோட்டைக்கு எப்போதும் அந்தக் கடைசி இடம்தான். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ ஐந்து மணிக்குப் போய், கைதட்டி எதிரொலி கேட்டு, நாலு போட்டோ எடுத்துத் திரும்பி வந்தால் அந்த ஊர் முடிந்தது.

நான் சொல்லுவது நேர் எதிர். காலையில் முதலில் கோல்கொண்டா. அப்புறம்தான் சாப்பாடு. இந்த ஊரில் சாப்பிடுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் பாதிக் கதை நம்ம ஊர்ப் பக்கம் வந்துதான் முடிகிறது. அது தெரிந்து சாப்பிட்டால் பிரியாணியின் ருசியே வேறு. (பில் மட்டும் அதேதான் :-))

கொண்டாப்பூரிலிருந்து கோட்டை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஷேக்பேட்டை மேம்பாலம் 2022-ல் திறந்த பிறகு, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் அரை மணி நேரம் கூட ஆகாது. தெலுங்கில் 'கொண்டா' என்றால் குன்று. 'கொல்ல' என்றால் ஆடு மாடு மேய்ப்பவர். ஆகக் கோல்கொண்டா என்பது நம்ம பாஷையில் 'கோனார் குன்று'. காகதீயர் காலத்தில் மண்கோட்டையாக இருந்தது, அப்புறம் பாமினி சுல்தான்கள் கைக்குப் போய், 1518-லிருந்து குதுப் ஷாஹிகளின் தலைநகர். ஐந்தாவது சுல்தான் முகமது குலி 1591-ல் மூசி நதிக்குத் தெற்கே புது ஊர் போட்டு சார்மினாரைக் கட்டினார். அதுதான் ஹைதராபாத். அப்படிப் பார்த்தால் கோல்கொண்டா அம்மா, ஹைதராபாத் பெண்.

முன்னூற்றுச் சொச்சம் படி ஏறினால் மேலே பாலா ஹிஸ்ஸார். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பாறையை ஒட்டி ஜகதாம்பா மகாகாளி கோயில். ஆஷாட மாதத்தில் போனாலு திருவிழா இங்கேதான் தொடங்குகிறது. 'போனம்' என்பது 'போஜனம்' என்ற சொல்லின் மரூஉ. பெண்கள் புதுப் பானையில் சோறு, பால், வெல்லம் வைத்து, வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றித் தலையில் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். நம்ம ஊரில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று புரிந்துவிடும். சுல்தான் கோட்டை உச்சியில் அம்மனுக்குப் படையல்! இந்த ஊரின் குணம் இந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும்.

இனி நம்ம ஊர் சம்பந்தம்.

சென்னைக்காரர்களிடம் "உங்க ஊரைக் கொஞ்ச நாள் கோல்கொண்டாவிலிருந்து ஆண்டாங்க, தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். 1639-ல் ஆங்கிலேயர் கடற்கரையில் இடம் வாங்கிப் புனித ஜார்ஜ் கோட்டை கட்ட ஆரம்பித்தபோது, அந்தப் பக்கம் சந்திரகிரி ராயரின் ஆட்சியில் இருந்தது. ஏழெட்டு வருடத்துக்குள் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா படையோடு இறங்கி அந்தச் சீமையைப் பிடித்துவிட்டார். 1662-ல் போர்ச்சுக்கீசியர் வசம் இருந்த சாந்தோமையும் கோல்கொண்டா எடுத்துக்கொண்டது. நடுவில் 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பறித்துக்கொள்ள, இரண்டு வருடம் முற்றுகை போட்டு, டச்சுக்காரர் துணையோடு 1674-ல் திரும்ப வாங்கினார்கள்.

அதே 1672-ல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். கோல்கொண்டாவின் கர்நாடகப் பகுதி அதிகாரி நேக்நாம் கானும், கோட்டை கவர்னர் லாங்ஹார்னும் உட்கார்ந்து பேசி, சென்னப்பட்டணத்துக்கு வருட வாடகை 1,200 பகோடா என்று முடிவு செய்தார்கள். திங்கிற பக்கோடா இல்லை மக்களே! வராகன் என்கிறோமே, அந்தத் தங்கக் காசு. தக்காணத்தில் ஹொன், தமிழில் வராகன், வெள்ளைக்காரன் வாயில் பகோடா.

வங்கிக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு வராகன் சுமார் 3.4 கிராம். அப்படியானால் 1,200 வராகன் ஏறக்குறைய நாலு கிலோ தங்கம். நகைக்கடன் கவுன்டரில் ஒரு நல்ல முகூர்த்த சீசனில் ஒரே வாரத்தில் அந்த எடை வந்து போகும். அவ்வளவுதான் ஒரு காலத்தில் சென்னைக்கு ஒரு வருட வாடகை! அது போய்ச் சேர்ந்தது, நாம் படி ஏறி மூச்சு வாங்கி நிற்கிற இந்தக் குன்றின் கஜானாவுக்கு.

அந்த ஒப்பந்தம் போட்ட 1672-ல்தான் கோல்கொண்டாவில் ராஜா மாறினார். புது ராஜா பெயர் அபுல் ஹசன். மக்கள் வைத்த பெயர் தானா ஷா.

அவர் ராஜாவான கதையே ஒரு சினிமா. முந்தைய சுல்தான் அப்துல்லாவுக்கு ஆண் வாரிசு இல்லை. மூன்றாவது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாண ஏற்பாடும் ஆகிவிட்டது. மூத்த மாப்பிள்ளைக்கும் புது மாப்பிள்ளைக்கும் ஆகவில்லை. மூத்தவர், 'இவன் மாப்பிள்ளை என்றால் நான் இந்த ஊரிலேயே இருக்க மாட்டேன்' என்று மல்லுக்கட்ட, கடைசி நேரத்தில் மாப்பிள்ளையையே மாற்றிவிட்டார்கள். ஷா ராஜு என்ற சூஃபி பெரியவரின் மடத்தில் சீடனாகக் கிடந்த, குதுப் ஷாஹி வம்சத்துத் தூரத்துச் சொந்தக்காரரான அபுல் ஹசனைத் தேடிப் பிடித்து, குளிப்பாட்டி, ஜரிகை போட்டு, குதிரையில் ஏற்றிக் கூட்டி வந்து கல்யாணம் செய்துவைத்தார்கள். மாமனார் இறந்ததும் சிம்மாசனமும் இந்தக் கடைசி மாப்பிள்ளைக்கே வந்தது. சண்டை போட்ட மூத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

தானா ஷா நிர்வாகத்தை ஒப்படைத்தது மாதண்ணா, அக்கண்ணா என்ற இரண்டு பிராமணச் சகோதரர்களிடம். அவர்களுடைய மருமகன் முறை கோபண்ணா, பாலவஞ்சா பகுதியின் தாசில்தார். வசூலித்த வரிப்பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் ராமர் கோயில் கட்டிவிட்டார். அவர்தான் பத்ராசல ராமதாசர். கோட்டையில் அவர் அடைபட்டிருந்த அறையை இன்றைக்கும் காட்டுகிறார்கள். சுவரில் அவர் செதுக்கியதாகச் சொல்லும் தெய்வ உருவங்கள் இருக்கின்றன. பக்தி தனி, ஆடிட் தனி என்பது அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. ராமரும் லட்சுமணரும் இரண்டு இளைஞர்களாக வந்து தானா ஷாவிடம் முழுப் பாக்கியையும் பொற்காசாகக் கட்டி ரசீது வாங்கிப் போனதாகவும், அதன் பிறகு கோபண்ணா விடுதலையானதாகவும் ஐதீகம். இன்றும் ராமநவமிக் கல்யாணத்துக்கு மாநில அரசின் சார்பில் பத்ராசலத்துக்கு முத்துத் தலம்பிரால் போகிறது. அந்த வழக்கத்தைத் தானா ஷாவிடமிருந்துதான் தொடங்கிச் சொல்வார்கள். குச்சிப்புடி கிராமத்தை அங்கே ஆடிய குடும்பங்களுக்கே மானியமாகக் கொடுத்தவரும் இவர்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. நம் பெண் பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் குச்சிப்புடி கிளாசுக்குப் போகிறார்களே, அதற்கு இவருக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

இந்த ராஜா மேல்தான் ஒளரங்கசீப் படை எடுத்தார். 1686-ல் பீஜப்பூர் விழுந்தது. அடுத்த வருடம் கோல்கொண்டா. முற்றுகை சுமார் எட்டு மாதம். வேடிக்கை என்னவென்றால், உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, வெளியே முற்றுகை போட்டவர்கள்தான் பட்டினி. அந்த வருடம் பஞ்சம், அதற்கு மேல் மழை வெள்ளம், நோய். பிடிபட்ட முகலாய அதிகாரிகளைத் தானா ஷா அழைத்து வந்து, நிறைந்து கிடந்த தானியக் களஞ்சியத்தைச் சுற்றிக் காட்டி, மரியாதை செய்து திருப்பி அனுப்பினாராம். 'இதைப் போய் உங்க பாதுஷாவிடம் சொல்லுங்க' என்பதுதான் அதற்கு அர்த்தம்.

பீரங்கியால் முடியாததைக் காசு செய்தது. 1687 செப்டம்பரில் ஒரு ராத்திரி, அப்துல்லா கான் பன்னி என்ற தளபதி விலை போய், கோட்டையின் திட்டிவாசலைத் திறந்துவிட்டார். அதே கோட்டையில் அப்துல் ரசாக் லாரி என்று இன்னொரு தளபதி. அவருக்கும் ஒளரங்கசீப்பிடமிருந்து பெரிய பதவி தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அதை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். அந்த ராத்திரி, சேணம் கூடச் சரியாகப் பூட்டாத குதிரையில் ஏறித் தனியாகப் போல எதிர்த்து நின்று, உடம்பெல்லாம் வெட்டு வாங்கி விழுந்தார். ஒளரங்கசீப்பே வைத்தியர்களை அனுப்பி அவரைப் பிழைக்க வைத்தார். கோல்கொண்டா போனால் ஃபத்தே தர்வாசாவில் கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். 'ஃபத்தே' என்றால் வெற்றி. யாருடைய வெற்றி, எப்படி வந்த வெற்றி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இப்போதுதான் அந்தச் சாப்பாடு வருகிறது.

முகலாயர் தரப்பு வரலாற்றை எழுதிய காஃபி கான் இதை விவரமாகச் சொல்கிறார். கோட்டைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று தெரிந்ததும் அந்தப்புரத்தில் அழுகை. தானா ஷா பெண்களுக்கு ஆறுதல் சொல்லி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, விடைபெற்று வந்து, தன் ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டார். அழையாத விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தார். ரூஹுல்லா கான் முதலான முகலாய அதிகாரிகள் உருவிய வாளோடு வந்தால், ராஜா எழுந்து சலாம் சொல்லி, உட்கார வைத்து, சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு வேளை வந்தது. வழக்கம்போலப் பரிமாறச் சொன்னார். வந்தவர்களையும் சாப்பிட அழைத்தார். சிலர் உட்கார்ந்தார்கள்.

ரூஹுல்லா கானுக்குத் தாங்கவில்லை. 'இந்த நேரத்தில் உங்களால் எப்படிச் சாப்பிட முடிகிறது?' என்று கேட்டார். தானா ஷா சொன்ன பதிலின் சாரம் இது. இது நான் தினமும் சாப்பிடும் நேரம். என்னைப் படைத்தவன் ஒரு காலத்தில் என்னைப் பக்கிரியாக வைத்தான். பிறகு நான் நினைத்தே பார்க்காத ராஜ்யத்தைக் கொடுத்தான். இப்போது அதை வேறொருவர் கையில் கொடுக்கிறான். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? சாப்பிட்டு முடித்தார். முத்துமாலை அணிந்து, குதிரை ஏறி, இளவரசர் ஆசமின் கூடாரத்துக்குப் போனார். மறுபடியும் கோல்கொண்டாவைப் பார்க்கவில்லை. தௌலதாபாத் கோட்டையில் பன்னிரண்டு வருடம் போலச் சிறை. 1699-ல் அங்கேயே காலமானார்.

எத்தனையோ ராஜாக்கள் தோற்றிருக்கிறார்கள். சிலர் ஓடினார்கள், சிலர் போரில் செத்தார்கள், சிலர் காலில் விழுந்தார்கள். சாப்பாட்டு நேரம் தவறாமல் எதிரிக்கும் இலை போட்டுவிட்டு எழுந்து போன ராஜா எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கோட்டையிலிருந்து இறங்கிப் பக்கத்திலேயே குதுப் ஷாஹி கல்லறைத் தோட்டம். 2013-ல் ஆகா கான் அறக்கட்டளை சீரமைப்பு வேலையைத் தொடங்கிய பிறகு அந்த இடத்தின் முகமே மாறிவிட்டது. சுத்தம், பசுமை, புதுச் சுண்ணாம்புப் பூச்சு, நீர் நிறைந்த படிக்கிணறு. கோட்டையை விட எனக்கு இதுதான் பிடிக்கும். பெரிய குமிழ்மாடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த என் பையன் கேட்டான், "அப்பா, சாப்பிட்டுட்டுப் போன ராஜா எங்கே?" சரியான கேள்வி. வம்சத்தில் அவர் ஒருவர்தான் இங்கே இல்லை. அவரைத் தௌலதாபாத்துக்குப் பக்கத்தில் குல்தாபாத் என்ற சின்ன ஊரில் புதைத்தார்கள்.

நம்மில் பல பேர் ஷிர்டிக்குப் போகும்போது எல்லோராவும் பார்த்துவிட்டு வருகிறோம். எல்லோராவிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான் குல்தாபாத். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தோற்ற தானா ஷா அங்கே கிடக்கிறார். ஜெயித்த ஒளரங்கசீப்பும் 1707-ல் இறந்து அதே ஊருக்குத்தான் வந்து சேர்ந்தார். மேலே கூரை இல்லாத எளிய மண் சமாதி. கோல்கொண்டாவின் இடத்தில் பிற்பாடு ஹைதராபாத் ராஜ்யத்தை உண்டாக்கிய முதல் நிஜாமும் 1748-ல் இறந்து அங்கேயேதான் அடக்கம். தோற்றவர், ஜெயித்தவர், அதற்கப்புறம் வந்து எடுத்துக்கொண்டவர் மூன்று பேரும் ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில்!

அந்த முதல் நிஜாமின் கதையும் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கிறது. தக்காணத்துக்கு ஆளுநராகப் புறப்படும் முன் ஒரு சூஃபி பெரியவரைப் பார்க்கப் போனாராம். பெரியவர் மஞ்சள் துணியில் சுற்றிய குல்ச்சா ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். பசியில் ஏழு சாப்பிட்டார். 'உன் வம்சம் ஏழு தலைமுறை ஆளும்' என்று பெரியவர் ஆசி சொன்னார். 1724-ல் தொடங்கிய நிஜாம் ஆட்சி, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானோடு 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்தபோது முடிந்தது. நிஜாம் கொடியின் நடுவில் இருந்த வட்டம் அந்தக் குல்ச்சாதான் என்று சொல்வார்கள். ஒரு வம்சம் சாப்பாட்டுத் தட்டோடு முடிந்தது, அடுத்த வம்சம் ரொட்டியோடு ஆரம்பித்தது. 'இன்னும் ரெண்டு ரொட்டி சாப்பிட்டிருக்கக் கூடாதா' என்று பழைய ஹைதராபாத்காரர்கள் ஜோக் அடிப்பது உண்டு.

அந்த 1948 பற்றியும் ஒரு வார்த்தை. ரஜாக்கர்களின் அட்டூழியத்தில் கிராமங்கள் பட்ட பாடு நிஜம். ராணுவம் வந்தபிறகு மாவட்டங்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும் நிஜம். நேரு அரசு அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தபட்சக் கணக்காகவே 27,000 முதல் 40,000 பேர் என்று எழுதியது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. இந்த ஊரில் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் சில வருடங்களைப் பற்றிப் பேசும்போது சட்டென்று பேச்சை மாற்றுவார்கள். காரணம் தெரிந்திருந்தால் நாமும் கிளறாமல் இருக்கலாம்.

சரி, பசி வந்திருக்கும். ஓல்ட் சிட்டிக்குப் போவோம். விடிகாலையில் போகிறவர்களுக்கு நஹாரியும் குல்ச்சாவும். ராத்திரி முழுக்க ஆட்டு எலும்பைக் கொதிக்க வைத்த சாறு. 'நஹார்' என்றால் அரபியில் பகல். ரம்ஜான் மாதமென்றால் ஹலீம். கோதுமை, கறி, பருப்பு, நெய் எல்லாவற்றையும் மணிக்கணக்காக வேகவைத்துக் கட்டையால் மசித்துக்கொண்டே இருப்பார்கள். இதன் மூலம் அரபு நாட்டு ஹரீஸ். நிஜாம் படையில் வேலை செய்ய ஏமனின் ஹத்ரமௌத் பகுதியிலிருந்து வந்த அரபுக்காரர்கள் குடியிருந்த இடம் பார்க்கஸ். 'பேரக்ஸ்' என்ற சொல் தேய்ந்து பார்க்கஸ் ஆகிவிட்டது. அவர்களும் நம்மைப் போல வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள்தான். வந்தவர்கள் பாத்திரத்தில் இருந்தது ஊர்ச் சாப்பாடாகி, 2010-ல் 'ஹைதராபாத் ஹலீம்' என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. இந்தியாவில் ஒரு இறைச்சி உணவு அந்தக் குறியீடு வாங்கியது அதுதான் முதல் முறை.

இப்போது பிரியாணி. எனக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். மாமா ஒருவர் வந்திருந்தார். பெரிய ஹோட்டலில் ஒரு கை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "என்னப்பா இது, அரிசி குச்சி குச்சியா நிக்குது. பிரியாணின்னா நம்ம ஆம்பூர்தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தங்கமணி பக்கத்து டேபிள்காரர்களைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தாள் :-)

"மாமா, அந்த ஆம்பூர்ப் பிரியாணிக்கே கோல்கொண்டா விழுந்ததுதான் ஆரம்பம்" என்றேன். முறைத்தார். கணக்கை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

கோல்கொண்டா 1687-ல் விழுந்ததும், அதன் வசம் இருந்த தமிழ்ச் சீமை முகலாயர் கணக்கில் ஏறியது. சென்னையின் அந்த 1,200 வராகன் வாடகையும் அக்கவுன்ட் மாறியது. சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் உட்கார்ந்தார். அவரைப் பிடிக்க முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை செஞ்சியைச் சுற்றிக் கிடந்தது. அந்தப் படையெடுப்பில்தான் ஆற்காட்டு நவாப் பதவி பிறந்தது. தேசிங்கு ராஜா கதை நம் எல்லாருக்கும் தெரியும். 1714-ல் தேசிங்கு மோதியது இந்த ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடுதான். பிறகு 1743-ல் முதல் நிஜாமே பெரும்படையோடு ஆற்காட்டுக்கும் திருச்சிக்கும் வந்தார். அடுத்த வருடம் தன் ஆளான அன்வருதீனை நவாபாக வைத்தார். அந்த அன்வருதீன் 1749 ஆகஸ்ட் 3 அன்று போரில் செத்த இடம் எது தெரியுமா மாமா? ஆம்பூர்!

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "நம்ம ஆம்பூரா?"

அதே ஆம்பூர்தான். அதற்குப் பழிவாங்க வந்த இரண்டாவது நிஜாம் நாசிர் ஜங், 1750 டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் சொந்தப் பக்கத்து நவாப் ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடம்பும் குல்தாபாத்துக்குத்தான் போனது. அந்தச் சமாதிகளில் ஒன்றுக்கு மரணம் நம்ம தென்னாற்காட்டு மண்ணில்.

இத்தனை படை வந்தால் கூடவே சமையல்காரர்களும் வருவார்கள், இல்லையா? ஆற்காட்டு நவாப் அடுப்பிலிருந்துதான் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிரியாணி பரவியது என்பது அந்த ஊர்க்காரர்களே சொல்வது. வந்த இடத்தில் கிடைத்த சீரகச் சம்பா பானைக்குள் போனது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது சேர்ந்தது. ஹைதராபாதில் மசாலாவில் ஊறிய பச்சைக் கறியின் மேல் அரைவேக்காட்டு பாசுமதியைப் பரப்பி, மாவால் மூடியை ஒட்டித் தம் போடுவார்கள். ஆம்பூரில் கறி முதலில் வெந்துவிடும். இரண்டும் ஒன்றல்ல. ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கை போல.

சந்தேகம் இருந்தால் தொட்டுக்கொள்ள என்ன வைக்கிறார்கள் என்று பாருங்கள். ஆம்பூரில் பிரியாணிக்குப் புளி சேர்த்த கத்தரிக்காய். ஹைதராபாதில் பகாரா பைங்கன். வேர்க்கடலை, எள், கொப்பரை வறுத்து அரைத்து, புளி கரைத்து ஊற்றிய முழுக் கத்தரிக்காய். வடக்கே டெல்லி, லக்னோ சமையலில் இந்தப் புளியைத் தேடினாலும் கிடைக்காது. இது தெற்கத்தி மண்ணின் கையெழுத்து. சைவக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பகாரா பைங்கனும் வெறும் சோறும் போதும், நம்ம எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பின் பெரியம்மா மகள் என்று நாக்கே சொல்லிவிடும்.

பாஷையும் சாட்சி. ஆம்பூர், வாணியம்பாடி பாய் வீடுகளில் பேசுகிற தக்னி உருதுவில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. சார்மினார் பக்கம் ஆட்டோக்காரரும் 'நக்கோ'தான். முகமது குலி குதுப் ஷா கவிதை எழுதியது இந்தத் தக்னியில்தான். எங்கள் கிளைக்கு வரும் ஓல்ட் சிட்டிப் பெரியவர்கள் 'ஹவ், நக்கோ' என்று பேசும்போது எனக்கு வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருக்கும்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகளுக்காகத்தான். ஸ்கூலில் 'நீ தமிழ்' என்கிறார்கள், ஊருக்குப் போனால் 'ஹைதராபாத்காரன்' என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை போகும் ஊரும், தினமும் இருக்கும் ஊரும் சம்பந்தமே இல்லாத இரண்டு உலகம் என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாது. சென்னையின் வாடகை இங்கே வந்தது. இங்கே விழுந்த கோட்டையால் செஞ்சியில் சண்டை நடந்தது. ஆம்பூர்ப் பானையில் இந்தத் தக்காணத்து வாசம் இருக்கிறது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் முன்னூறு வருடத்துக்கு மேலாகப் போக்குவரத்து இருக்கிறது. நாம் அதில் கடைசியாக வந்தவர்கள், அவ்வளவுதான். ஊர் சுற்றிக் காட்டுவது என்றால் இந்தப் பாதையைக் காட்டுவதுதான் என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்லித் தோன்றுகிறது. பதவி, ஊர், சம்பளம் எதுவும் நிரந்தரமில்லை என்று நம்மைப் போல டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் வாழ்கிறவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஆனால் எது போனாலும் சாப்பாட்டு நேரத்தில் வந்தவனுக்கும் ஒரு தட்டு வைப்பது நம் கையில்தான் இருக்கிறது. கோட்டை வாசலை விற்றவர் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது, தட்டு வைத்தவர் பெயரும் இருக்கிறது. எந்தப் பெயரைப் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை, கோட்டைப் படியில் உட்கார்ந்து நாம்தான் சொல்ல வேண்டும்.

கொசுறு: ஓல்ட் சிட்டிக்குப் போகும்போது அஃப்சல்கஞ்சில் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. 1908 செப்டம்பர் 28 மூசி வெள்ளத்தில் அதன் கிளைகளில் ஏறி நூற்றைம்பது பேர் போல உயிர் தப்பினார்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்துத் திட்டம் போட்டு, கண்டிப்பேட்டை ஏரி 1920-ல் வந்தது. பகாரா பைங்கனில் புளி கரைக்கும்போது அந்த மரத்தையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.